ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைகளின் ஊட்டச்சத்து அபாயத்தைப் பெற்றோர் வினாத்தாள் மூலம் கண்டறிவது எப்படி?

ஒரு குழந்தையின் எடை வளர்ச்சி வரைபடத்தில் சரிந்த பிறகு, ஏதோ சரியில்லை என்று கண்டுகொள்வது கடினமன்று. ஆனால் அந்தச் சரிவுக்கான காரணங்கள் பல மாதங்களுக்கு முன்பே அந்த வீட்டின் சாப்பாட்டு வேளைகளில் உருவாகத் தொடங்கியிருக்கும். குழந்தை நாள் முழுவதும் பாலைக் குடித்து வயிற்றை நிரப்பிக்கொள்வது, திரையைப் பார்த்தால்தான் வாயைத் திறப்பது, கட்டியான எதையும் விழுங்க மறுப்பது, மாதக் கடைசியில் வீட்டில் சமைக்கப் பொருள் குறைந்துபோவது ஆகியவை எதையும் எடைக்கருவி காட்டாது. பெற்றோருக்கு இவை தெரியும். தாமாக முன்வந்து சொல்வது அரிது என்றாலும், முறையாகவும் மரியாதையாகவும் கேட்டால் பெரும்பாலோர் சொல்லிவிடுவார்கள். அப்படிக் கேட்பதற்கான கருவிதான் பெற்றோர் நிரப்பும் வினாத்தாள். குழந்தைகள் நல மையங்களில் பணிபுரியும் செவிலியர்கள், ஊட்டச்சத்து ஆலோசகர்கள், குழந்தைப் பராமரிப்பு நிலையப் பொறுப்பாளர்கள் ஆகியோர் இதை எப்படித் தேர்ந்தெடுத்து, எப்படிப் பயன்படுத்தி, கிடைத்த விடைகளைக் கொண்டு என்ன செய்ய வேண்டும் என்பதை இங்கே விளக்குகிறேன்.

தொடங்கும் முன் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஸ்கிரீனிங் எனப்படும் முதற்கட்டப் பரிசோதனை, நோய் இருக்கிறது என்று தீர்ப்புச் சொல்வதில்லை. நலமாகத் தோன்றும் பல குழந்தைகளுக்கு நடுவே, கூடுதல் கவனம் தேவைப்படக்கூடிய சிலரை அது பிரித்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். அப்படிப் பிரிக்கப்பட்ட குழந்தையை விரிவாக மதிப்பிட்டு, தேவைப்பட்டால் நோயறிதல் செய்து, சிகிச்சை தருவது அடுத்தடுத்த கட்டங்கள். நோய்களை முன்கூட்டிக் கண்டறியும் திட்டங்களுக்கு வில்சன், யுங்னர் இருவரும் 1968-இல் உலக சுகாதார நிறுவனத்திற்காக வகுத்த கோட்பாடுகளில், கண்டறியப்பட்டவர்களுக்கு உரிய சிகிச்சையும் அதற்கான வசதியும் இருக்க வேண்டும் என்பதும் ஒன்று. இதை நான் மிகவும் முக்கியமானதாகக் கருதுகிறேன். அனுப்பிவைக்க ஓர் ஊட்டச்சத்து ஆலோசகரோ மருத்துவரோ இல்லாத இடத்தில் பெற்றோரிடம் வினாத்தாளை நீட்டுவது அவர்களுக்குக் கவலையை மட்டுமே கொடுக்கும். ஆகவே முதல் வேலை, அபாயத்தில் இருக்கும் குழந்தை எங்கே போகும், யார் பார்ப்பார், எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்பதை எழுத்தில் முடிவுசெய்வதுதான்.

இந்த வயதுக்கென்று தனிக் கேள்விகள்

முதல் ஆண்டில் பிறப்பு எடையைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கை எட்டும் குழந்தை, இரண்டாம் ஆண்டில் 2 முதல் 2.5 கிலோ வரைதான் கூடுகிறது. வளர்ச்சி வேகம் குறைவதால் பசியும் இயல்பாகவே குறைகிறது. "முன்பு நன்றாகச் சாப்பிட்டது, இப்போது தொடுவதே இல்லை" என்று பெற்றோர் கலங்குவது பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான். இரண்டு வயதை ஒட்டி, பழக்கமில்லாத உணவைக் கண்டாலே ஒதுக்கும் இயல்பும் சேர்ந்துகொள்கிறது. அதே நேரத்தில் குழந்தை தாய்ப்பாலிலிருந்தோ புட்டிப்பாலிலிருந்தோ குடும்ப உணவுக்கு மாறுகிறது, மசித்த உணவிலிருந்து மென்று விழுங்கும் உணவுக்குப் போகிறது, தானே எடுத்துச் சாப்பிடப் பழகுகிறது. இந்த மாற்றங்களில் எது இயல்பு, எது எச்சரிக்கை என்பதைப் பிரித்தறிய, கைக்குழந்தைக்கோ பள்ளிச் சிறுவனுக்கோ எழுதப்பட்ட கேள்விகள் உதவமாட்டா.

இந்த வயதினருக்கென உருவாக்கப்பட்ட கருவிகளில் கனடாவின் நியூட்ரிஸ்டெப் நன்கு அறியப்பட்டது. அதில் 18 முதல் 35 மாதக் குழந்தைகளுக்கு ஒரு வினாத்தாளும், 3 முதல் 5 வயதினருக்கு மற்றொன்றும் உள்ளன. ஒவ்வொன்றிலும் 17 கேள்விகள். பெற்றோரே நிரப்பலாம். மொத்த மதிப்பெண் 0 முதல் 68 வரை. 20 வரை குறைந்த அபாயம், 21 முதல் 25 வரை நடுத்தர அபாயம், 26-உம் அதற்கு மேலும் அதிக அபாயம். மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்ட குழந்தைகளுக்காக ஊழியர்கள் நிரப்பும் ஸ்டாம்ப், ஸ்ட்ராங்கிட்ஸ் போன்ற கருவிகளும் உண்டு. அவை நோயுற்ற குழந்தையை மனத்தில் வைத்து உருவானவை. வீட்டில் ஓடியாடும் குழந்தைக்கு அவற்றை அப்படியே எடுத்துப் பயன்படுத்துவது பொருந்தாது.

எந்தக் கருவியைத் தேர்ந்தாலும் மூன்றைக் கேளுங்கள். உங்களிடம் வரும் குழந்தைகளின் வயதை ஒத்த குழந்தைகளிடம் அது சோதிக்கப்பட்டதா? அதன் முடிவுகள், ஊட்டச்சத்து வல்லுநர் நேரில் செய்த முழு மதிப்பீட்டோடு ஒப்பிடப்பட்டனவா? அதே பெற்றோர் சில வாரங்கள் கழித்து நிரப்பினால் ஏறக்குறைய அதே விடைகள் கிடைத்தனவா? பயன்படுத்த உரிமம் வேண்டுமா என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். இணையத்தில் கிடைத்த பத்துக் கேள்விகளை ஒட்டிச்சேர்த்து, நாமே ஒரு வரம்பு மதிப்பெண்ணை வைத்துக்கொள்வது ஆபத்தான வழக்கம்.

அந்த வரம்பு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் காட்டலாம். 200 குழந்தைகளில் 20 பேர் உண்மையிலேயே அபாயத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அபாயத்தில் இருப்பவர்களில் 85 சதவீதத்தினரைச் சரியாகப் பிடிக்கும் வினாத்தாள், அபாயம் இல்லாதவர்களில் 80 சதவீதத்தினரைச் சரியாக விட்டுவிடும் என்றும் கொள்வோம். அப்படியானால் 20 பேரில் 17 பேர் பிடிபடுவார்கள், 3 பேர் தப்பிவிடுவார்கள். நலமாக இருக்கும் 180 பேரில் 36 பேரும் தவறுதலாக அந்தப் பட்டியலில் சேர்வார்கள். மொத்தம் 53 பேர் மேல்மதிப்பீட்டுக்கு அனுப்பப்பட்டால் அவர்களில் மூன்றில் ஒருவருக்குத்தான் உண்மையான சிக்கல் இருக்கும். இதை நன்கு மனத்தில் கொண்டவர், மதிப்பெண் உயர்ந்த ஒரு தாயிடம் "உங்கள் குழந்தைக்கு ஊட்டச்சத்துக் குறைபாடு" என்று ஒருபோதும் சொல்லமாட்டார். வரம்புக்குக் கீழே வந்த குழந்தையைப் பற்றித் தாய் தொடர்ந்து கவலைப்பட்டால், மதிப்பெண்ணைக் காட்டி அவரை வாயடைக்கவும் மாட்டார்.

கேள்விகள் எதைத் தொட வேண்டும்

நல்ல வினாத்தாள் உணவை மட்டும் கேட்பதில்லை. தானியம், காய்கனி, பால், முட்டை, மீன், இறைச்சி, பருப்பு ஆகியவை எவ்வளவு அடிக்கடி கிடைக்கின்றன என்பதோடு, நாளில் எத்தனை வேளை உண்கிறது, என்ன குடிக்கிறது, எந்தப் பாத்திரத்தில் குடிக்கிறது, மென்று விழுங்குவதில் தடை உண்டா, யார் ஊட்டுகிறார், எவ்வளவு சாப்பிடுவது என்பதை யார் முடிவுசெய்கிறார், சாப்பிடும்போது திரை ஓடுகிறதா, குழந்தையின் வளர்ச்சி குறித்துப் பெற்றோர் என்ன நினைக்கிறார், உணவு வாங்கப் பணம் போதுகிறதா என்பவற்றையும் அது கேட்கிறது. உணவுப் பன்மைக்கு ஓர் அளவுகோல் வேண்டுமானால், 6 முதல் 23 மாதக் குழந்தைகளுக்கு உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் வகுத்தது உண்டு: தாய்ப்பாலையும் சேர்த்து எட்டு உணவு வகைகளில், முந்தைய நாளில் குறைந்தது ஐந்தாவது கிடைத்திருக்க வேண்டும். அது மக்கள்தொகை அளவிலான கணக்கெடுப்புக்கான குறியீடு. தனி ஒரு குழந்தையைப் பற்றி அதைக் கொண்டு மட்டும் முடிவெடுக்கக் கூடாது.

பாலைப் பற்றிய கேள்வியைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் நான் அறிந்தவரை இந்த வயதில் மிக எளிதாகக் கோட்டைவிடப்படுவது அதுதான். பசும்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. அதிலுள்ள கால்சியமும் கேசீன் புரதமும் மற்ற உணவிலிருந்து இரும்பு உறிஞ்சப்படுவதையும் தடுக்கின்றன. நாளுக்கு 500 மில்லி லிட்டருக்கு மேல் குடிக்கும் குழந்தைக்கு மற்ற உணவுக்கு வயிற்றில் இடமும் இருப்பதில்லை. "பால் எத்தனை முறை குடிக்கிறது?" என்று கேட்டால் "நாலு தடவைதான் அம்மா" என்று விடை வரும். அது அளவாகத்தான் தோன்றும். "எந்தப் பாட்டிலில் கொடுக்கிறீர்கள், எந்தக் கோடு வரை ஊற்றுகிறீர்கள், இரவில் விழித்தால் கொடுப்பதுண்டா?" என்று தொடர்ந்து கேட்டால், 240 மில்லி லிட்டர் பாட்டில் நிறைய நான்கு முறை, இரவில் மேலும் ஒரு முறை என்று தெரியவரும். அதாவது 1,200 மில்லி லிட்டர். அதே தாய் இன்னொரு கேள்விக்கு, "சாப்பாடு ஒரு வாய்கூட இறங்குவதில்லை" என்று எழுதியிருப்பார். இரண்டு விடைகளும் ஒரே காரணத்தின் இரு முகங்கள் என்பதை வினாத்தாளின் மொத்த மதிப்பெண் சொல்லாது. விடைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிப்பவருக்குத்தான் அது புலப்படும். பழச்சாறுக்கும் இதே முறையில் அளவு கேளுங்கள். ஒன்று முதல் மூன்று வயதில் நாளுக்கு 120 மில்லி லிட்டருக்கு மேல் வேண்டாம் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் பரிந்துரை.

ஊட்டும் உறவைப் பற்றிய கேள்விகளும் அதே அளவு கனமானவை. என்ன உணவு, எப்போது, எங்கே என்பதைப் பெரியவர் தீர்மானிக்க வேண்டும். எவ்வளவு, சாப்பிடுவதா வேண்டாமா என்பதைக் குழந்தை தீர்மானிக்க வேண்டும். எலன் சாட்டர் என்ற ஊட்டச்சத்து வல்லுநர் வகுத்த இந்தப் பொறுப்புப் பங்கீட்டை ஒட்டியே இத்தகைய கேள்விகள் பெரும்பாலும் அமைகின்றன. "வேண்டாம் என்று தலையைத் திருப்பிய பிறகும் ஊட்டுகிறீர்களா?" என்ற கேள்விக்கு "எப்போதும்" என்று விடை வந்தால், அந்த வீட்டில் ஒவ்வொரு சாப்பாட்டு வேளையும் போராட்டமாக மாறியிருக்கக்கூடும். எடை சரியாக இருந்தாலும் அந்தக் குடும்பத்துக்கு உதவி தேவை.

பணம் பற்றிய கேள்வியைக் கூச்சம் கருதித் தவிர்க்கிறவர்கள் உண்டு. அதைத் தவிர்க்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அமெரிக்காவில் பயன்பாட்டிலுள்ள இரண்டு கேள்விக் கருவி ஒன்று இதற்கு நல்ல முன்மாதிரி. கடந்த 12 மாதங்களில், மறுபடி வாங்கப் பணம் வரும் முன் உணவு தீர்ந்துவிடுமோ என்று கவலைப்பட்டதுண்டா, வாங்கிய உணவு போதாமல் போய் மேலும் வாங்கப் பணமில்லாமல் இருந்ததுண்டா என்பவையே அந்த இரண்டும். "அடிக்கடி", "சில சமயம்", "ஒருபோதும் இல்லை" என்ற மூன்று விடைகளில் ஏதேனும் ஒரு கேள்விக்கு முதல் இரண்டில் ஒன்று வந்தாலே அந்தக் குடும்பம் உணவுப் பாதுகாப்பின்றி இருக்கக்கூடும் என்று கொள்ள வேண்டும். அப்படிப்பட்ட வீட்டுக்குப் பலவகை உணவு கொடுங்கள் என்று அறிவுரை சொல்வது கொடுமை. அவர்களை முதலில் உணவு உதவித் திட்டங்களோடு இணைக்க வேண்டும்.

மொழிபெயர்ப்பு

வேற்றுமொழிக் கருவியைத் தமிழில் தரும்போது, ஒருவர் தமிழாக்கியதை, மூலத்தைப் பார்க்காத வேறொருவர் மறுபடி மூலமொழிக்குப் பெயர்த்து, இரண்டையும் ஒப்பிட வேண்டும். பிறகு சில பெற்றோரிடம் கொடுத்து, ஒவ்வொரு கேள்வியையும் தம் சொற்களில் சொல்லச் சொல்லுங்கள். "வழக்கமாக" என்பதை ஒருவர் தினமும் என்றும் மற்றொருவர் எப்போதாவது என்றும் புரிந்துகொள்வது அங்கேதான் வெளிப்படும். உணவுப் பெயர்களை மாற்றலாம். ஆனால் ஒரு கேள்வியை நீக்கினாலோ சேர்த்தாலோ பழைய வரம்பு மதிப்பெண் செல்லாது.

கொடுக்கும் முறை

அந்தக் குழந்தைக்கு நாள்தோறும் சாப்பாடு கொடுப்பவர் நிரப்புவதே சரி. தாய் வேலைக்குப் போய்விட, பகலெல்லாம் பாட்டியிடம் இருக்கும் குழந்தைக்குத் தாய் மட்டும் நிரப்பினால் பாதிப் படம்தான் கிடைக்கும். பாட்டியையும் கேட்டு நிரப்பச் சொல்லலாம், அல்லது இருவரும் சேர்ந்து வரும் நாளில் கொடுக்கலாம். தடுப்பூசிக்கு வந்து குழந்தை அழுதுகொண்டிருக்கும் நேரத்தில் கொடுக்காதீர்கள். குழந்தைக்குக் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருக்கும் வாரத்தில் கொடுத்தால், நலமாக இருக்கும் நாட்களை நினைத்து எழுதும்படி தெளிவாகச் சொல்லுங்கள்.

முதலில் நோக்கத்தைச் சொல்ல வேண்டும். "இது உங்களுக்கு வைக்கும் தேர்வு இல்லை அம்மா. இந்த வயதுக் குழந்தைகள் எல்லாருக்கும் கேட்கிறோம். உங்கள் விடையைப் பார்த்தால் உங்களுக்கு எதில் உதவலாம் என்று எங்களுக்குத் தெரியும்." இந்த அளவு போதும். தாம் நல்ல தாயா, நல்ல தந்தையா என்று எடைபோடுகிறார்கள் என்ற எண்ணம் வந்தவுடன், பெற்றோர் நடப்பதை விட்டு, நடக்க வேண்டியதை எழுதத் தொடங்கிவிடுவார்கள். திரை நேரமும் இனிப்புப் பானமும் பணத் தட்டுப்பாடும் இவ்வாறு மறைக்கப்படுபவற்றில் முதன்மையானவை. எனவே மற்றவர் காதில் விழாத இடத்தில் உட்காரவைத்து நிரப்பச் சொல்லுங்கள். மாமியார் பக்கத்தில் இருக்கும்போது மருமகள் எழுதும் விடை வேறாக இருக்கக்கூடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

படிக்கத் தயங்குபவர்களுக்கு நாமே வாசித்துக் காட்டலாம். அப்போது கேள்வியையும் எல்லா விடைகளையும் ஒரே தொனியில் வாசிக்க வேண்டும். "காய்கறி தினமும் கொடுப்பீர்கள்தானே?" என்று வாசித்தவர், விடையையும் தாமே எழுதிக்கொண்டார் என்றுதான் பொருள். விடையைக் கேட்டு முகம் சுளிப்பதும், "அடடா, நல்லது" என்று பாராட்டுவதும் அடுத்த விடையைக் கெடுக்கும். முடிந்ததும் விடுபட்ட கேள்விகள் உண்டா என்று அங்கேயே பாருங்கள். விடுபட்டதைப் பூச்சியமாகக் கணக்கிட்டால் அபாயம் குறைவாகத் தெரியும்.

அளவெடுப்பையும் சேர்த்துச் செய்யுங்கள்

வினாத்தாளும் வளர்ச்சி அளவும் ஒன்றுக்கு ஒன்று துணை. உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வளர்ச்சித் தரங்களின்படி, 24 மாதத்துக்கு உட்பட்ட குழந்தையைப் படுக்கவைத்து நீளத்தையும், அதற்கு மேற்பட்டதை நிற்கவைத்து உயரத்தையும் எடுக்க வேண்டும். நிற்கும்போது ஏறத்தாழ 0.7 சென்டிமீட்டர் குறைவாக வரும் என்பதால், முறையை மாற்றி எடுத்தால் அதற்கேற்பத் திருத்த வேண்டும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இரண்டு வயது வரை திருத்திய வயதை, அதாவது பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து கணக்கிட்ட வயதைக் கொண்டு வரைபடத்தில் குறியுங்கள். 6 முதல் 59 மாதக் குழந்தையின் மேல்கையின் நடுப்பகுதிச் சுற்றளவு 115 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் அது கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு. 115-லிருந்து 125-க்குள் இருந்தால் மிதமானது. இந்த நிலையில் வினாத்தாள் மதிப்பெண்ணுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

மதிப்பெண் எவ்வளவு குறைவாக இருந்தாலும் மருத்துவரிடம் அனுப்ப வேண்டிய அறிகுறிகள் வேறு சிலவும் உண்டு. இரு கால்களிலும் அழுத்தினால் குழி விழும் வீக்கம் இருந்தால் அன்றே அனுப்புங்கள். ஒவ்வொரு வேளையும் இருமலும் மூச்சுத்திணறலும், சாப்பிட்ட பின் குரல் கரகரப்பது, திரும்பத் திரும்ப வரும் நெஞ்சுச்சளி, எடை இறங்குவது, வெளிறிய உள்ளங்கை, மண், சுண்ணாம்பு போன்றவற்றை விடாமல் தின்பது, ஒரு முழு உணவு வகையையே ஒவ்வாமை காரணமாக நிறுத்தியிருப்பது ஆகியவற்றையும் தள்ளிப்போடாதீர்கள். பெற்றோர் "எனக்கு ஏதோ சரியில்லை என்று தோன்றுகிறது" என்று சொன்னால், அதையும் இந்தப் பட்டியலில் நான் சேர்ப்பேன்.

மதிப்பெண் வந்த பிறகு

குறைந்த அபாயம் என்றால், நன்றாக நடப்பவற்றைக் குறிப்பாகச் சொல்லிப் பாராட்டி, அடுத்த முறை எப்போது என்று தேதி கொடுத்து அனுப்பலாம். குழந்தையின் உணவுப் பழக்கம் இந்த வயதில் விரைவாக மாறுவதால், ஒரு முறை கேட்டதோடு நிறுத்திவிடக் கூடாது. வழக்கமான வருகைகளோடு சேர்த்து ஆறு மாதத்துக்கு ஒரு முறை கேட்பது நடைமுறைக்கு ஏற்றது.

நடுத்தர அபாயத்தில்தான் நம்முடைய உரையாடலுக்கு அதிகப் பயன் உண்டு. எல்லாச் சிக்கலையும் ஒரே நாளில் அடுக்காமல், எதை முதலில் மாற்ற முடியும் என்று பெற்றோரிடமே கேளுங்கள். மேலே சொன்ன தாய் இரவுப் பாலை நிறுத்துவதில் தொடங்க விரும்பலாம், அல்லது பாட்டிலை விட்டுக் கோப்பைக்கு மாறுவதில் தொடங்கலாம். அவர் தேர்ந்ததையே எழுதிக் கொடுங்கள். புதிய உணவை ஒதுக்கும் குழந்தைக்கு, ஒரே உணவைக் கட்டாயமின்றிச் சிறிதளவாக எட்டு முதல் பதினைந்து முறை வரை வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும் என்று சொன்னால், மூன்றாம் முறையிலேயே கைவிட்ட பெற்றோர் மீண்டும் முயல்வார்கள். ஓரிரு மாதத்தில் திரும்பச் சந்தியுங்கள்.

அதிக அபாயம் என்றால் ஊட்டச்சத்து வல்லுநரின் முழு மதிப்பீடும் மருத்துவப் பரிசோதனையும் வேண்டும். பால் மிகுதியாகவும் இரும்புச்சத்துள்ள உணவு குறைவாகவும் இருந்தால் ஹீமோகுளோபின் பார்ப்பது பற்றி மருத்துவர் முடிவெடுப்பார். அனுப்பும் கடிதத்தில் மதிப்பெண்ணை மட்டும் எழுதாதீர்கள். எந்தெந்தக் கேள்விகளில் அபாயம் தெரிந்தது, எடையும் உயரமும் முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு என்பவற்றையும் எழுதினால், அங்கே இருப்பவர் அதே கேள்விகளை முதலிலிருந்து கேட்க வேண்டியிருக்காது. பெற்றோரிடம் சொல்லும்போது, "சில விடைகளைப் பார்க்கும்போது இன்னும் கொஞ்சம் விரிவாகப் பார்ப்பது நல்லது என்று தோன்றுகிறது" என்று தொடங்கி, எந்த விடைகள் என்று தாளைக் காட்டியே விளக்குங்கள்.

அனுப்பப்பட்ட குழந்தைகளுக்கென ஒரு பதிவேடு வைத்திருங்கள். வினாத்தாள் நிரப்பிய நாள், அனுப்பிய நாள், உண்மையில் போய்ப் பார்த்த நாள் ஆகிய மூன்றும் அதில் இருக்க வேண்டும். மூன்றாவது கட்டம் காலியாக இருக்கும் குடும்பத்தைத் தொலைபேசியில் அழைத்து ஏன் போகவில்லை என்று கண்டிக்காமல் கேளுங்கள். தொலைவு, செலவு, விடுப்பு கிடைக்காதது, என்ன சொல்வார்களோ என்ற பயம் என்று காரணம் எதுவாக இருந்தாலும் அதை அதே கட்டத்தில் எழுதி, அதற்கேற்ப வேறு நாளோ வேறு இடமோ ஏற்பாடு செய்து, அந்தத் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.